ஹிக்கின்பாதம் என்றால் என்ன? ஓர் அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் வேரைத் தேடிப் போகும் வழி

சென்னை அண்ணா சாலையில் அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1844-இல் ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தொடங்கிய புத்தகக் கடை. இந்தியாவில் இன்றும் நடந்துவரும் புத்தகக் கடைகளில் இதுதான் மிகப் பழையது என்பார்கள். எனக்கு இந்தப் பெயர் முதலில் அறிமுகமானது ரயில் நிலையத்தில். வண்டி வரும்வரை நடைமேடைக் கடையின் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருப்பேன். 'பாதம்' என்று முடிவதால் கோயில், காலடி என்றெல்லாம் மனம் போகும். அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர் என்று தெரிந்த பிறகு, அதற்கு என்ன பொருள் என்று தேடத் தொடங்கினேன். தேடியதில் ஒரு முறை பிடிபட்டது. எந்த அரிய ஆங்கிலப் பெயருக்கும் அந்த முறை பொருந்தும். அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன், இந்த ஒரு பெயரையே கையில் வைத்துக்கொண்டு.

ஹிக்கின்பாதம் என்பது ஸ்மித், ஜோன்ஸ் போல எங்கு பார்த்தாலும் கிடைக்கிற பெயர் அல்ல. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் அடர்ந்தும் மற்ற இடங்களில் அரிதாகவும் இருக்கும் பெயர். தேடுபவருக்கு அது வசதி. பரவலான பெயர் பத்து ஊர்களில் பத்து விதமாகப் பிறந்திருக்கும். எந்த வேர் யாருடையது என்று பிரிக்கவே முடியாது. அரிய பெயருக்குப் பெரும்பாலும் ஒரே ஊர், சில சமயம் ஒரே குடும்பம்தான் வேர்.

முதல் படி: இன்றைய எழுத்தைப் பிரிக்காதீர்கள்

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. ஆங்கில எழுத்தில் (Higginbotham) இந்தப் பெயரைப் பார்த்தவுடன் கண் தானாகவே இரண்டாக வெட்டும். முன்னால் 'ஹிக்கின்', பின்னால் 'ஹாம்'. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் என்று எத்தனை ஊர்களில் அந்த 'ஹாம்' பார்த்திருக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் குடியிருப்பு என்று பொருள். அப்படியானால் ஹிக்கின் என்பவருடைய ஊர், முடிந்தது வேலை! நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். முழுக்கத் தவறு. இந்தப் பெயரில் 'ஹாம்' கிடையாது, ஹிக்கின் என்ற ஆளும் தொடக்கத்தில் கிடையாது.

பெயரின் பொருள் அதன் மிகப் பழைய வடிவத்தில்தான் இருக்கும். இன்று நாம் பார்ப்பது அறுநூறு, எழுநூறு ஆண்டுகள் பலர் வாயிலும் பலர் கையெழுத்திலும் தேய்ந்து வந்த வடிவம். ஒரே ஆளின் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் வருவதைப் பார்க்கிறோமே, அதையே பல தலைமுறைக்கு நீட்டிப் பாருங்கள்.

இரண்டாம் படி: உச்சரிப்பையும் எழுத்து வேறுபாடுகளையும் சேருங்கள்

அந்தப் பெயருள்ளவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள செஷயரில் சோல்மொண்டெலி என்று எழுத்துக்கு எழுத்து படிக்கத் தோன்றும் ஒரு பெயரை அவர்கள் 'சம்லி' என்றுதான் சொல்கிறார்கள். நம் பெயரும் அப்படித்தான். 'பாதம்' என்று நாம் சொல்வதை அங்கே 'பாட்டம்' என்கிறார்கள். இந்த ஒரு தகவலிலேயே பாதி விடை வந்துவிட்டது: 'ஹாம்' என்று முடிவது எழுத்தில் மட்டும்தான்.

அடுத்து, ஒரு தாளில் எல்லா எழுத்து வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு ஜி, இரண்டு ஜி, அல்லது சி-கே. முதல் உயிர் 'இ' ஒலியோ 'எ' ஒலியோ. கடைசியில் 'பாட்டம்', 'போத்தம்', 'பாத்தம்' என்று மூன்று விதம். தொடக்கத்தில் எச் இருந்தும் இல்லாமலும் தேட வேண்டும், இது முக்கியம். வட இங்கிலாந்துப் பேச்சில் சொல்லின் முதலில் வரும் எச் ஒலி விழுந்துவிடும்; எழுத்தர் அதைத் தேவையில்லாத இடத்திலும் சேர்த்துவிடுவார். தேடுபொறிகளில் சந்தேகமுள்ள எழுத்துகளுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம். நம் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டு 'கின்' என்ற ஒலிக்குப் பின்னால் 'போ' வரும்படி தேடினால், அகர வரிசையில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் உறவினர்கள் ஒரே பட்டியலில் வந்து நிற்பார்கள்.

மூன்றாம் படி: எந்த வகைப் பெயர்?

ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிப்பார்கள். இடத்திலிருந்து வந்தவை, தொழிலிலிருந்து வந்தவை, தகப்பன் பெயரிலிருந்து வந்தவை, பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டவை. 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு நிலப்பிரபுக்களிடம் தொடங்கி, 1400 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் தகப்பனின் குடும்பப் பெயரே பிள்ளைக்கும் என்று நிலைத்துவிட்டது. தெற்கில் சீக்கிரம், வடக்கில் தாமதம். நம் பெயர் அடர்ந்திருக்கும் அந்த வடமேற்கு மூலையில், லங்காஷயரில், இடப் பெயர்கள் மிக அதிகம். சிறு சிறு பண்ணைகளாக, மலைச்சரிவில் தனித்தனி வீடுகளாக வாழ்ந்த பகுதி அது. ஒருவரை அடையாளம் காட்ட அவர் குடியிருந்த இடத்தைச் சொல்வதுதான் சுலபம்.

நான்காம் படி: பெயர் எங்கே அடர்ந்திருக்கிறது?

1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டார்கள். அதை வைத்து, எந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் எவ்வளவு என்று காட்டும் வரைபடங்கள் இருக்கின்றன. அரிய பெயர் என்றால் வரைபடத்தில் ஒரு இடத்தில் மட்டும் கருமையாகத் திட்டுப் பிடித்திருக்கும். ஹிக்கின்பாட்டம்களுக்கு அந்தத் திட்டு லங்காஷயரும் செஷயரும் சேர்கிற பகுதி, மான்செஸ்டரைச் சுற்றி.

1881-ஐச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரயில் வந்து, பஞ்சாலைகள் பெருகி, மக்கள் ஊர்விட்டு ஊர் போன பிறகும் பெயர்கள் தம் பிறந்த இடத்தைச் சுற்றியே பெரும்பாலும் நின்றிருந்தன. இன்றைய தொலைபேசிப் பட்டியலை வைத்துத் தேடினால் லண்டன்தான் எல்லாப் பெயருக்கும் சொந்த ஊர் என்று தோன்றும்.

ஐந்தாம் படி: காலத்தில் பின்னோக்கி நடங்கள்

இங்கேதான் நேரம் போகும், அவசரப்படக் கூடாது. இன்றிலிருந்து தொடங்கி ஒவ்வோர் ஆவணமாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் தாவினால் யாரோ ஒருவருடைய பாட்டனைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

முதலில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. இதன் அட்டவணையைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஃப்ரீ-பி-எம்-டி என்று தேடுங்கள்.

அப்புறம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தது. நூறு ஆண்டு முடிந்த பிறகே திறப்பார்கள். 1921-இன் ஏடுகள் 2022-இல் திறந்தன. 1931-இன் ஏடுகள் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1841-ஐப் படிக்கும்போது கவனம்: பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதியிருப்பார்கள். 38 வயதுக்காரர் 35 என்றிருப்பார். பிறந்த ஊரும் இராது, 'இதே மாவட்டமா' என்பதற்கு ஆம், இல்லை மட்டும். 1851-இலிருந்துதான் பிறந்த ஊரை எழுதினார்கள். அந்த ஒரு கட்டத்தில் உள்ள ஊர்ப் பெயர்தான் உங்களை அடுத்த நூற்றாண்டுக்குக் கூட்டிப்போகும்.

1837-க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள். மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் போட்ட உத்தரவுப்படி ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கினார்கள். லங்காஷயர் பதிவேடுகள் பலவற்றைத் தன்னார்வலர்கள் இணையத்தில் இலவசமாக ஏற்றியிருக்கிறார்கள். தட்டச்சுப் பிரதியோடு நிறுத்திவிடாமல் மூல ஏட்டின் படத்தையும் பாருங்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு பக்கத்தைத் திறந்தால் என்ன தெரியும்? பழுப்பேறிய தோல் தாள், நெருக்கி எழுதிய கோணல் எழுத்து. சொல்லின் நடுவில் வரும் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும். பெரிய எழுத்து எஃப் வேண்டிய இடத்தில் இரண்டு சின்ன எஃப் இருக்கும். ரிச்சர்டு 'ரிக்கார்டஸ்' ஆகவும், ஜேம்ஸ் 'யாக்கோபஸ்' ஆகவும் லத்தீனில் நிற்பார்கள். 1733 வரை இப்படி லத்தீனில் எழுதும் வழக்கம் இருந்தது. 1752-க்கு முன்னால் அங்கே புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான். ஆகவே 1640 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால், நம் கணக்கில் அது 1641. இது தெரியாமல் போனால் தகப்பன் இறந்து ஒன்றரை வருடம் கழித்துப் பிள்ளை பிறந்ததாகக்கூடக் கணக்கு வரும்.

1640-களிலும் 1650-களிலும் உள்நாட்டுப் போரால் பல பதிவேடுகளில் ஓட்டை விழுந்திருக்கும். அங்கே தடைப்பட்டால் உயில்களைப் பாருங்கள். 1858 வரை உயில்கள் திருச்சபை நீதிமன்றங்களின் பொறுப்பில் இருந்தன. 1662-இலிருந்து வசூலித்த அடுப்பு வரிப் பட்டியலும் உதவும். வீட்டில் எத்தனை கணப்பு அடுப்பு என்று எண்ணி வரி போட்டார்கள். குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

1538-க்கும் முன்னால் சாதாரணக் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது பெரும்பாலும் முடியாது. அங்கிருந்து ஆளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தேட வேண்டும். 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்கள், பண்ணை நீதிமன்ற ஏடுகள், அரச நீதிபதிகள் சுற்றி வந்து விசாரித்த வழக்குச் சுருள்கள். இவற்றில் பலவற்றை உள்ளூர் வரலாற்றுச் சங்கங்கள் அச்சிட்டு, பெயரடைவும் சேர்த்திருக்கின்றன. நம் பெயருக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது. லங்காஷயரின் 1246-ஆம் ஆண்டு வழக்குச் சுருளில் 'அலெக்சாண்டர் டி அக்கின்போதும்' என்று ஒருவர் வருகிறார். 'டி' என்றால் 'இந்த ஊர்க்காரர்'. எச் இல்லை, ஹிக்கின் இல்லை, ஹாம் இல்லை. அக்கின்போதும் என்பது ஓர் இடம்.

ஆறாம் படி: மண்ணில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பெயர் ஊராக மாறியதும் வரைபடத்தை எடுக்க வேண்டியதுதான். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இங்கிலாந்தின் 19-ஆம் நூற்றாண்டு அளவை வரைபடங்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பண்ணை வீடும், ஓடையும், சிறு தோப்பும் பெயரோடு இருக்கும். பெரிய ஊர்களை விட்டுவிட்டு இந்தச் சின்னப் பெயர்களைத்தான் பார்க்க வேண்டும். குடும்பப் பெயர் கொடுத்த இடம் பல சமயம் ஒரே ஒரு பண்ணையாகத்தான் இருக்கும்; சில இடங்கள் மறைந்தே போய்விட்டன, பெயர் மட்டும் மனிதர்களோடு உயிர் வாழ்கிறது.

அக்கின்போதும் மறையவில்லை. பழைய லங்காஷயரின் போல்ட்டன் நகரத்தில், கிழக்குப் பக்கம், ஓக்கன்பாட்டம் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு சாலையே உண்டு. சாமுவேல் கிராம்ப்டன் 1779-இல் புதிய நூற்பு இயந்திரத்தை உருவாக்கிய அதே போல்ட்டன்.

இப்போது சொல்லைப் பிரிக்கலாம். முதல் பகுதிக்கு வேர் பழைய ஆங்கிலத்தில் 'ஆக்', அதாவது ஓக் மரம். 'ஏக்கென்' என்றால் ஓக் மரங்கள் உள்ள என்று பொருள். இரண்டாவது பகுதி 'பொட்ம்'. இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் உட்காரும் இடம் ஞாபகத்துக்கு வந்து பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்தப் பொருள் பின்னால் வந்தது. அன்று அதற்கு அர்த்தம் பள்ளத்தாக்கின் தரை. இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடையை ஒட்டிய தாழ்வான, ஈரமான, அகன்ற நிலம். ஆக ஹிக்கின்பாதம் என்றால் 'ஓக் மரப் பள்ளத்துக்காரர்'.

இந்தப் 'பள்ளம்' தெரிந்த பிறகு அந்த வட்டாரமே வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு இயான் போத்தமைத் தெரியும். அவர் பெயர் வெறும் 'பள்ளத்துக்காரர்'தான். ரயன் சைட்பாட்டம் பெயரில் இருப்பது 'அகன்ற பள்ளம்'. அந்தச் 'சைட்' பழைய ஆங்கிலத்தில் அகலம், பக்கம் என்ற பொருள் அதற்கு இல்லை. இங்கிலாந்துக் கால்பந்து அணியின் முதல் மேலாளர் வால்ட்டர் விண்டர்பாட்டம். குளிர்காலத்தில் ஆடுமாடுகளை ஓட்டிவந்து மேய்த்த பள்ளம். ராம்ஸ்பாட்டம் என்ற ஊர் போல்ட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது கடா மேய்ந்த பள்ளமா, காட்டுப் பூண்டு முளைத்த பள்ளமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது ஷஃபிள்பாட்டம். ஏதோ ஆட்டம் போடுகிற பெயர் போலத் தோன்றும். உண்மையில் ஆடுகளைக் குளிப்பாட்டும் ஓடை இருந்த பள்ளம் அது. கம்பளியை வெட்டும் முன் ஆடுகளை ஓடையில் இறக்கிக் கழுவுவார்கள். ஒரு கிராமத்தின் வேலை நாள் அந்தப் பெயருக்குள் அப்படியே இருக்கிறது.

ஏழாம் படி: எதிர் விளக்கங்களை எடை போடுங்கள்

ஒரே பெயருக்கு இரண்டு விளக்கம் வந்தால் இரண்டையும் எழுதிக்கொண்டு, எது பழைய வடிவத்தோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஹிக்கின்பாதமுக்கு இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். வட இங்கிலாந்து வட்டாரப் பேச்சில் 'ஹிக்கின்' என்று சிவப்புப் பழம் காய்க்கும் ஒரு மலைமரத்துக்குப் பெயர் உண்டு. அந்த மரம் நின்ற பள்ளம் என்று பொருள் கொள்வார்கள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் 1246-இன் வடிவம் 'அ'வில் தொடங்குகிறது. போல்ட்டனில் உள்ள இடத்தின் பெயரும் ஓக்கையே சொல்கிறது. ஆகவே என் கணக்கில் ஓக் மரம்தான் வெல்கிறது. 'அக்கின்' பழகாத ஒலியாக ஆனபோது, மக்கள் பழகிய ஒன்றை அதில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த மரத்தின் பெயரை ஏற்றியிருக்கலாம், அல்லது ரிச்சர்டு என்பதன் செல்லப் பெயரான ஹிக்கிலிருந்து வந்த ஹிக்கினை. புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக வாய் மாற்றிக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான். நானே சிறு வயதில் இந்தப் பெயரில் பாதத்தைப் பார்க்கவில்லையா?

கடைசிப் பகுதி 'போத்தம்' ஆனதற்கு வேறு காரணமும் உண்டு. 'பாட்டம்' என்ற சொல்லின் பொருள் மாறிய பிறகு அதைப் பெயரில் தாங்குவது பலருக்குச் சங்கடமாகிவிட்டது. எழுத்தை 'ஹாம்' போல மாற்றி எழுதிக்கொண்டார்கள், சிலர் உச்சரிப்பையும் மாற்றிக்கொண்டார்கள்.

எட்டாம் படி: இப்போது அகராதியைத் திறங்கள்

அகராதியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், முதலிலேயே பார்த்தால் அதன் விடையை நோக்கியே நம் கண் போகும். 2016-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதி 45,000-க்கும் மேற்பட்ட பெயர்களைச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வாரியாகப் பழைய வடிவங்களும் உண்டு. பெரிய நூலகங்களில் கிடைக்கும். உங்கள் முடிவு அதோடு ஒத்துப்போகாவிட்டால், அவர்கள் காட்டும் பழைய வடிவத்தையும் நீங்கள் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு 'உங்கள் குடும்பப் பெயரின் கேடயச் சின்னம்' என்று சட்டம் போட்டுத் தருபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இங்கிலாந்தில் அந்தச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரே பெயர் இருப்பதால் அது யாருக்கும் சொந்தமாகிவிடாது. 1484-இல் தொடங்கிய சின்னங்களின் கல்லூரிதான் அதை இன்றும் வழங்குகிறது.

மரபணுச் சோதனை வேண்டுமா என்றால், கேள்வியைப் பொறுத்தது. ஆண் வழியில் இறங்கும் ஒய் குரோமோசோம், குடும்பப் பெயரைப் போலவே தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. 2000-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரையன் சைக்ஸ் தன் பெயரையே கொண்ட ஆண்களைச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஒரே வகை குரோமோசோம் இருந்தது. ஒரு பெயரின் எல்லாக் கிளைகளும் ஒரே மூதாதையிடம் சேர்கின்றனவா என்பதை இது சொல்லும். பெயரின் பொருளைச் சொல்லாது. அதற்கு ஏடுதான் வேண்டும்.

மதராஸ் கிளை

நீங்கள் தேடும் பெயர் இந்தியாவில் வாழ்ந்த ஒரு குடும்பத்துடையது என்றால், நடுவில் இன்னொரு வாசலும் இருக்கிறது. மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களில் எழுதிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் பிரதிகளை லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் இருக்கின்றன. வங்காளத்துக்கு என்-1, மதராஸுக்கு என்-2, பம்பாய்க்கு என்-3 என்று தொகுதி எண்கள். பெரியவராகிக் கப்பலேறி வந்தவருக்கு இங்கே ஞானஸ்நானப் பதிவு இராது. அவருடைய திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். கல்லறைக் கல்வெட்டுகளும் உதவும், சிலவற்றில் பிறந்த ஊரைக்கூட வெட்டியிருப்பார்கள். அந்த ஊர்ப் பெயர் கிடைத்ததும் மறுபடி ஐந்தாம் படிக்குப் போய், அந்தப் பங்கின் பதிவேட்டைத் திறந்துகொள்ள வேண்டியதுதான்.